பூட்டு நின்றது, நிலை பிளந்தது

வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நல்ல பூட்டா ஒன்னு சொல்லுங்களேன்." ஆறு லீவரா எட்டு லீவரா, விரல் வைத்தால் திறக்கிறதே அது பரவாயில்லையா என்று கூடவே துணைக் கேள்விகளும் வரும். கட்டட வேலைகளோடே வாழ்கிறவன் என்பதால் நான் திருப்பிக் கேட்பது வேறு. உங்கள் தலைவாசல் நிலையைச் சுவரோடு எது பிடித்துக்கொண்டிருக்கிறது? பூட்டின் தாழ் போய் உட்காரும் குழிக்கும் நிலையின் உள்விளிம்புக்கும் நடுவே எவ்வளவு மரம் மிஞ்சியிருக்கிறது? அந்தக் குழியின் மேல் பதித்த தகட்டை எத்தனை இஞ்ச் ஸ்க்ரூ பிடிக்கிறது? இதற்கெல்லாம் பதில் வராது. பூட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருக்கிறவர்கள்கூட இந்த மூன்றையும் தச்சரிடமோ கொத்தனாரிடமோ கேட்டிருப்பதில்லை.

இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். உடைத்துப் புகவருகிறவனை ஒரு கதவு எவ்வளவு நேரம் தடுத்து நிறுத்தும் என்பது பூட்டுக் கடையில் தீர்மானமாவதில்லை. நிலை நிறுத்துகிற நாளிலும், தச்சர் உளியால் குழி வெட்டுகிற அரை மணி நேரத்திலும் அது தீர்மானமாகிவிடுகிறது.

கதவு பூட்டியிருக்கும்போது வெளியிலிருந்து ஒருவர் பலமாக உதைக்கிறார் என்று வையுங்கள். அந்த விசை எங்கே போகிறது? முதலில் கதவுப் பலகைக்கு. பலகையிலிருந்து பூட்டின் உடலுக்கு. அங்கிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தாழுக்கு. தாழ் அதை நிலையில் பதித்த தகட்டுக்குக் கொடுக்கிறது, தகடு ஸ்க்ரூவுக்கு, ஸ்க்ரூ மரத்துக்கு, மரம் தன்னைச் சுவரோடு பிணைக்கும் ஹோல்டுஃபாஸ்ட் என்கிற இரும்புப் பட்டைக்கு, அது சுவருக்கு. இந்த வரிசையில் எது நோஞ்சானோ அது முதலில் போகும். பித்தளையிலோ எஃகிலோ செய்த தாழ் அங்கே உடைவது அபூர்வம். அதற்கு அடுத்து இருப்பதுதான் உடைகிறது.

நம் ஊரில் வீட்டுக் கதவுகள் அநேகமாக உள்நோக்கியே திறக்கின்றன. அஞ்சுக்கு மூணு சட்டத்தில் செய்த நிலையை எடுத்துக்கொள்வோம். கதவு 38 மில்லிமீட்டர் கனம். அது உட்காருவதற்காக நிலையின் உள்பக்க ஓரத்தில் படி வெட்டியிருப்பார்கள். பூட்டு கதவின் கனத்துக்கு நடுவில் இருப்பதால் தாழின் மையம் உள்விளிம்பிலிருந்து 19 மில்லிமீட்டர் தூரத்தில் விழும். குழியின் அகலம் 14 என்றால் அதில் பாதி 7 போக, குழிக்கும் உள்விளிம்புக்கும் நடுவே மிஞ்சுவது 12 மில்லிமீட்டர் மரம். விரல் அகலம்கூட இல்லை. வெளியிலிருந்து வரும் ஒவ்வோர் உதையையும் தாங்க வேண்டியது இந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டர்தான். நிலைக்காலில் நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது. தாழ் அந்தத் தகடுபோன்ற மரத்தைக் குழியிலிருந்து வீட்டின் உள்பக்கமாகத் தள்ளும்போது, விறகை நார்போக்கில் கோடாரி பிளப்பதுபோல அது நீளவாக்கில் பிளந்து சிம்பாக வந்துவிடும். ஐந்து இஞ்ச் நிலையில் மீதி மரம் அவ்வளவும் வெளிப்பக்கத்தில் சும்மா நிற்கும். விசை அந்தப் பக்கம் போவதே இல்லை.

எங்கள் பெரியம்மா வீட்டில் நடந்தது இதேதான். ஒரு கல்யாணத்துக்காக எல்லாரும் ஊருக்குப் போயிருந்த இரவில் ஆள் புகுந்துவிட்டது. மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது கதவு திறந்து கிடந்தது, பூட்டு கதவிலேயே இருந்தது. தாழ் நீட்டியபடியே இருந்தது. சாவியைப் போட்டுத் திருப்பினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, வெளியே வந்தது, ஒரு கீறல் இல்லை. நிலைக்காலில் மட்டும் முழ நீளத்துக்கு ஒரு சிம்பு பெயர்ந்து தரையில் கிடந்தது. அதோடு சேர்ந்து தகடும் கிடந்தது, அதில் இரண்டு ஸ்க்ரூ. பெரியப்பா அன்றைக்கே கடைக்குப் போய் இன்னும் விலை கூடின பூட்டாக வாங்கி வரக் கிளம்பினார். "பெரியப்பா, பூட்டு தோக்கல. நிலையைப் பாருங்க" என்று அவரை நிறுத்தி, அந்தச் சிம்பைக் கையில் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த ஸ்க்ரூ இரண்டும் முக்கால் இஞ்ச் நீளம். தகட்டின் கனம் போக மரத்துக்குள் போனது பதினைந்து, பதினாறு மில்லிமீட்டர்தான். ஒரு ஸ்க்ரூவைப் பிடுங்க எவ்வளவு விசை வேண்டும் என்பது அதன் மரை எவ்வளவு தூரம் மரத்துக்குள் இருக்கிறது என்பதை ஏறக்குறைய நேர்விகிதத்தில் பொறுத்தது. முக்கால் இஞ்சுக்குப் பதில் மூன்று இஞ்ச் போட்டால் பிடிப்பு நான்கு மடங்குக்கும் மேலே போகிறது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மூன்று இஞ்ச் ஸ்க்ரூ அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டர் உதட்டை நம்பி நிற்பதில்லை. நிலையின் நடு வயிறு வரைக்கும் போய்ப் பிடிக்கிறது. உதைக்கும் விசையை முழு நிலைக்காலும் பகிர்ந்துகொள்கிறது.

சமீபத்தில் ஒரு வேலை நடக்கிற இடத்தில் தச்சரிடம் இதைக் கேட்டேன்.

"அண்ணே, இந்தத் தகட்டுக்கு எத்தனை இஞ்ச் ஸ்க்ரூ போடுவீங்க?"

"முக்கா இஞ்ச்தான் தம்பி. பூட்டு டப்பாவுல கூட வர்றது அதுதானே."

"மூணு இஞ்ச் போட்டா என்ன?"

"போடலாம். ட்ரில் பண்ணித்தான் இறக்கணும், தேக்குல சும்மா இறங்காது. யாரும் கேக்குறதில்ல, நாங்களும் போடுறதில்ல."

நேர்மையான பதில். கேட்டிருந்தால் போட்டிருப்பார். பூட்டோடு டப்பாவில் என்ன வருகிறதோ அதுதான் வீட்டின் காவல் என்று ஆகிவிட்டது. அந்தக் குட்டி ஸ்க்ரூவையும் பல இடங்களில் எப்படி இறக்குகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். சுத்தியலால் முக்கால்வாசி அடித்து இறக்கிவிட்டு, கடைசி இரண்டு சுற்று மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் திருப்புவது. அப்படி அடிக்கும்போது மரை மரத்தில் பள்ளம் வெட்டிக்கொண்டு போவதில்லை, நாரைக் கிழித்துக்கொண்டு போகிறது. பார்வைக்கு இறுகியிருக்கும். பிடிப்பு பாதிகூட இருக்காது. உங்கள் வீட்டு வேலை நடக்கும்போது கதவு மாட்டுகிற அன்றைக்கு மட்டும் பக்கத்தில் நில்லுங்கள். மெல்லிய பிட்டால் முன்துளை போட்டு, முழு நீளத்தையும் திருகியே இறக்கச் சொல்லுங்கள். கீல்களுக்கும் இதே பேச்சுத்தான். பூட்டுப் பக்கத்தைப் பலப்படுத்திவிட்டுக் கீல் பக்கத்தில் அரை இஞ்ச் ஸ்க்ரூவை விட்டுவைத்தால் கதவு அந்தப் பக்கமாகப் பெயர்ந்து வரும்.

கதவின் உள்முகத்தில் ஒட்டினாற்போல் மாட்டுகிற பூட்டுகள் உண்டு. பெட்டி மாதிரி இருக்கும், இரண்டு மூன்று தாழ் ஒரே நேரத்தில் வெளியே வரும். பலர் வீட்டில் இதுதான். இந்தப் பூட்டு பலமானதுதான். ஆனால் அதன் தாழை வாங்கிக்கொள்கிற எதிர்ப்பெட்டி நிலையின் உள்முகத்தில் நாலு ஸ்க்ரூவில் நிற்கிறது. வெளியிலிருந்து உதைத்தால் விசை அந்த ஸ்க்ரூக்களை நேராகப் பிடுங்கும் திசையிலேயே போகிறது. ஆகவே இந்த வகைக்கு நீள ஸ்க்ரூ இன்னும் அவசியம். முடிந்தால் எதிர்ப்பெட்டியை நிலைக்குக் குறுக்கே துளையிட்டுப் போல்ட்டும் நட்டும் போட்டுப் பிடிக்கலாம்.

உதைப்பது ஒரு வழி. நெம்புவது அதைவிடச் சத்தம் குறைந்த வழி, அதனால்தான் அதிகம் கவலைப்பட வேண்டியதும் அதுதான். மூன்றடிக் கம்பி ஒன்றின் நுனி, ஊன்றுமிடத்திலிருந்து இரண்டு இஞ்ச் தூரத்தில் இருந்தால், கைப்பிடியில் கொடுக்கிற விசை நுனியில் பதினேழு மடங்காகிறது. சாதாரண ஆள் நாற்பது கிலோ அளவுக்குத் தள்ளினாலே நுனியில் கிட்டத்தட்ட 680 கிலோ. இந்த அழுத்தத்தில் கதவு உள்ளே போகாவிட்டாலும் நிலைக்கால் பக்கவாட்டில் விலகும். நிலை எட்டு மில்லிமீட்டர் விலகி, தாழ் நிலைக்குள் எட்டு மில்லிமீட்டர்தான் நுழைந்திருக்கிறது என்றால், எதுவும் உடையாமலே கதவு திறந்துவிடும்.

இங்கே நம் ஊர் மழையும் வெயிலும் கதைக்குள் வருகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பிக் கதவு இறுகும். உடனே தச்சரைக் கூப்பிட்டு ஓரத்தை இழைக்கச் சொல்வோம். சித்திரை வெயிலில் அதே கதவு சுருங்கும்போது, இழைத்ததும் சுருங்கியதும் சேர்ந்து கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்திருக்கும். பூட்டின் தாழ் வெளியே வருவது பன்னிரண்டு மில்லிமீட்டர் என்றால் அதில் பாதி இந்த இடைவெளியிலேயே தொங்குகிறது. நிலைக்குள் நுழைவது மீதிப் பாதிதான். பூட்டு வாங்கும்போது லீவர் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன், சாவியை இரண்டு சுற்றுச் சுற்றி, தாழ் எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்று கடையிலேயே ஸ்கேலால் அளந்து பாருங்கள். 20 மில்லிமீட்டருக்கு மேல் வரும் பூட்டை எடுங்கள். 25 என்றால் இன்னும் நல்லது.

இப்போது நிலைக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் வருத்தமான பகுதியும் இதுதான்.

நிலை வைப்பது நம் வீடுகளில் ஒரு சடங்கு. நல்ல நாள் பார்த்து, மாவிலை கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, அடியில் நவதானியமும் வசதிப்பட்டால் பொட்டுத் தங்கமும் போட்டு நிலையை நிறுத்துவார்கள். சுவர் எழும்புவதற்கு முன்பே இது நடக்கும். நிலை தனியாக முட்டுக்கொடுத்து நிற்க, அதை அணைத்தபடி செங்கல் வரிசை வரிசையாக ஏறும். இதில் ஒரு பொறியியல் இருந்தது. நிலையின் இரு பக்கமும் முடுக்கிய ஹோல்டுஃபாஸ்ட் பட்டைகள் செங்கல் வரிசைக்குள்ளேயே புதைந்து, சுவரோடு சுவராக இறுகிவிடும். நிலையைப் பிடுங்க வேண்டும் என்றால் சுவரை இடிக்க வேண்டும்.

மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு இதற்குத் தெளிவான அளவே சொல்கிறது: 40 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புப் பட்டை, நீளம் 40 சென்டிமீட்டர், அது புதைவது 30-க்கு 10-க்கு 15 சென்டிமீட்டர் அளவுள்ள 1:3:6 காங்கிரீட் கட்டிக்குள். கதவு நிலைக்கு ஒரு பக்கத்துக்கு மூன்று. இதைச் செய்த நிலை உதைக்கும் அசையாது, நெம்பலுக்கும் எளிதில் விலகாது.

அடுக்குமாடிகளிலும் அவசரக் கட்டடங்களிலும் இன்றைக்கு நடப்பது வேறு. சுவரில் கதவுக்கான இடத்தை விட்டுவிட்டுப் பூச்சு வேலை, டைல்ஸ் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் நிலை வருகிறது. மரம் கறைபடாமல் இருக்கும், வேலை வேகமாக முடியும் என்பது காரணம். அந்த இடைவெளியில் நிலையை நுழைத்து, ஆப்பு வைத்து, நாலைந்து நீள ஸ்க்ரூ போட்டு, மிச்ச இடத்தில் நுரையை அடித்து நிரப்பி, மேலே மரப்பட்டையால் மூடிவிடுகிறார்கள். நுரை குளிரூட்டிய அறைக்கு நல்லது, சத்தத்தைத் தடுக்கும். ஆனால் பக்கவாட்டில் அழுத்தினால் அமுங்கும். நெம்பும்போது நிலை விலகுவதற்கு வேண்டிய எட்டு மில்லிமீட்டரை அந்த நுரையே கொடுத்துவிடுகிறது. குறைந்தபட்சம் பூட்டு வருகிற உயரத்திலும், கீல் வருகிற உயரங்களிலும் நிலைக்குப் பின்னால் சிமென்ட் கலவை கெட்டியாக நிரப்பியிருக்க வேண்டும். அந்த இடங்களில் நிலையைத் துளைத்துச் சுவருக்குள் ஆழமாகப் போகும் ஆங்கர் போல்ட் வேண்டும். சுவர் விளிம்புக்கு மிக அருகில் விரியும் ஆங்கரைப் போட்டால் செங்கல் வெடித்துவிடும். அங்கே ரசாயனப் பசையில் உட்காரும் ஆங்கர்தான் சரி. ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் நிலையை ஒட்டிய கட்டிகளின் பொந்தை முதலில் காங்கிரீட்டால் நிரப்பிவிட வேண்டும். வெறும் பொந்துக்குள் போன போல்ட் எதையும் பிடிக்காது.

கரையானைச் சொல்லாமல் விடக்கூடாது. நிலைக்காலின் அடி தரைக்குள் போகிறது, ஈரம் படுகிறது, கரையான் அங்கிருந்துதான் ஏறும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே காகிதம்போல் ஆகியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் நிலையை அடியிலிருந்து பூட்டு உயரம் வரை தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டி மரத்தின் ஒலியும் பொந்தின் ஒலியும் யார் காதுக்கும் தெரியும். பொந்து ஒலி கேட்கிற நிலையில் எந்தப் பூட்டைப் போட்டும் பயனில்லை. புதிதாக நிலை செய்பவர்கள் வேங்கை, கோங்கு போன்ற கனத்த மரங்களை யோசிக்கலாம். மரம் எவ்வளவு கனமோ, ஏறக்குறைய அவ்வளவு ஸ்க்ரூ பிடிப்பு.

ஐரோப்பாவில் இதை எப்படி அளக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு நிறைவாக இருந்தது. இ.என். 1627 என்கிற தரம், கதவுகளையும் ஜன்னல்களையும் ஆர்.சி. 1 முதல் ஆர்.சி. 6 வரை ஆறு வகுப்பாகப் பிரிக்கிறது. சோதனைக்குப் பூட்டு தனியாகப் போவதில்லை. கதவு, நிலை, கீல், பூட்டு, பொருத்தும் முறை எல்லாம் சேர்ந்த முழு அமைப்பைக் கொண்டுபோய்ச் சோதனைச் சட்டத்தில் நிறுத்துகிறார்கள். பிறகு மூன்று விதமாகப் பார்க்கிறார்கள். பூட்டுகிற இடங்களில் நிலையான அழுத்தம் கொடுப்பார்கள்: இரண்டாம் வகுப்புக்கு 3 கிலோநியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ எடை, மூன்றாம் வகுப்புக்கு அதன் இரட்டிப்பு. அடுத்து 50 கிலோ எடையை ஊசல்போல் ஆட்டிவிட்டு மோதச் செய்வார்கள். கடைசியாகப் பயிற்சி பெற்ற ஆள் கையில் கருவியோடு உடைக்க முயல்வார். இரண்டாம் வகுப்பில் ஸ்க்ரூ டிரைவர், இடுக்கி, ஆப்பு போன்றவை, மூன்று நிமிடம். மூன்றாம் வகுப்பில் நெம்புகோலும் சேரும், ஐந்து நிமிடம். நான்கில் பத்து, ஐந்தில் பதினைந்து, ஆறில் இருபது நிமிடம். கருவி கதவைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் மட்டும்தான் கணக்கு.

உடைக்க முடியாத கதவு என்று அந்தத் தரத்தில் எந்த வகுப்பும் கிடையாது. நிமிடங்கள்தான் உண்டு. மூன்று நிமிடம் என்பது காகிதத்தில் சின்னதாகத் தெரியும். நடு இரவில், தெருநாய் குரைக்க, எதிர்வீட்டில் விளக்கு எரிய, ஒரு கதவை மூன்று நிமிடம் நெம்பிக்கொண்டு நிற்பது திருட வந்தவனுக்கு மிக நீண்ட நேரம்.

இந்த நிமிடங்களால் பலன் உண்டா? நெதர்லாந்தில் விடை இருக்கிறது. 1999 ஜனவரி முதல் அங்கே புதிதாகக் கட்டும் வீடுகள் எல்லாவற்றிலும் உடைப்பைத் தாங்கும் கதவும் ஜன்னலும் வைத்தாக வேண்டும் என்று கட்டட விதி வந்தது. பென் வோலார்ட், யான் வான் ஊர்ஸ் என்கிற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் அதன் விளைவை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டார்கள். அந்தப் புது வீடுகளில் வருஷத்துக்கு 1.1 சதவீதமாக இருந்திருக்கக்கூடிய வீடுபுகுந்து திருட்டு 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்குக் குறைவு. திருடர்கள் பக்கத்துப் பழைய வீடுகளுக்குப் போய்விட்டார்களா என்றும் பார்த்தார்கள். பொருட்படுத்தும்படியாக அப்படி நடக்கவில்லை. ஒரு வீட்டுக்காரர் வாங்கிய விலையுயர்ந்த பூட்டு இதைச் சாதிக்கவில்லை. கதவையும் நிலையையும் ஒன்றாகப் பார்த்து எழுதிய விதி சாதித்தது. நம் ஊரிலும் ஐ.எஸ். 4021 மர நிலைக்கும், ஐ.எஸ். 2202 ஃப்ளஷ் கதவுக்கும், ஐ.எஸ். 2209 கதவுக்குள் குடைந்து பதிக்கும் மார்டிஸ் பூட்டுக்கும் தரம் சொல்கின்றன. இவை மூன்றும் ஒரு வாசலில் ஒன்றுசேரும் இடத்தை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

பூட்டின் சரித்திரம் என்றாலே சாவியில்லாமல் திறந்த கதைகள்தான் புகழ்பெற்றிருக்கின்றன. 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃப்ரட் சார்லஸ் ஹாப்ஸ், அசைக்க முடியாது என்று பெயரெடுத்த சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிறகு 1790 முதல் கடை ஜன்னலில் 200 கினி பரிசு அறிவிப்போடு வைக்கப்பட்டிருந்த பிராமா பூட்டோடு உட்கார்ந்தார். பதினாறு நாளில் பரவிய 51 மணி நேர உழைப்புக்குப் பிறகு அதுவும் திறந்தது. அருமையான கதை, நானும் ரசிக்கிறேன். ஆனால் 51 மணி நேரம் செலவழிக்க நம் வீட்டு வாசலுக்கு யாரும் வருவதில்லை. 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டம் 445-ம் பிரிவில் வீட்டை உடைத்துப் புகுவதற்கு ஆறு வழிகளை வரிசைப்படுத்தியிருந்தது. பூட்டைத் திறப்பது அதில் ஒன்றே ஒன்று. அதை எழுதியவர்களுக்கு வீடுகளின் மற்ற ஓட்டைகளும் நன்றாகத் தெரிந்திருந்தன.

திண்டுக்கல் பூட்டுக்காரர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. கையால் ராவி, லீவர் ஒவ்வொன்றையும் சாவிக்குப் பொருத்திப் பார்த்துச் செய்கிற மாங்காய் பூட்டு ஒரு கைவேலைச் சாதனை. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மனசு குளிர்ந்தது. அந்தப் பூட்டைத் தொங்கவிடுகிற இடம் அதற்கு ஈடாக இருக்கிறதா? வெளியூர் போகும்போது பலர் ஆல்ட்ராப் போட்டுத் தொங்கு பூட்டு மாட்டிவிட்டுப் போகிறார்கள். ஆல்ட்ராப்பின் கொண்டியும் நாதாங்கியும் மெல்லிய தகட்டில், நாலு ஸ்க்ரூவில், அதுவும் வெளிமுகத்தில் நிற்கின்றன. ஒரு கிலோ எடையுள்ள பூட்டை நாதாங்கியோடு சேர்த்து அப்படியே பிடுங்கி எடுத்துவிடலாம். பூட்டு சேதமில்லாமல் திண்ணையில் கிடக்கும். கூடவே, கதவுக்கு வெளியே தொங்குகிற பூட்டு வீட்டில் யாரும் இல்லை என்று தெருவுக்கே சொல்கிறது. ஆல்ட்ராப்தான் வேண்டும் என்றால் கதவைத் துளைத்து உள்பக்கம் நட்டு வருகிறபடி போல்ட் போடச் சொல்லுங்கள். வெளியிலிருக்கும் போல்ட் தலை திருக முடியாத உருண்டைத் தலையாக இருக்கட்டும். கிரில் கேட்டிலும் நாதாங்கியைப் பொட்டுப் பொட்டாக வைத்த வெல்டிங்கில் விடாமல் சுற்றிலும் வெல்டு வைக்கச் சொல்லி, பூட்டின் வளையத்துக்குக் கம்பி நுழைய இடம் தராத மாதிரி ஒரு இரும்புப் பெட்டி மூடி அடிக்கலாம்.

கதவுப் பலகை பற்றி ஒன்றிரண்டு. மார்டிஸ் பூட்டைப் பதிக்கக் கதவின் கனத்தைக் குடைகிறோம். 38 மில்லிமீட்டர் கதவில் பூட்டின் உடல் போக இருபுறமும் பத்துப் பத்து மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. அந்த இடத்தை இரண்டு முகத்திலும் எஃகுத் தகட்டால் மூடி, குறுக்கே போல்ட் போட்டால் கதவு அங்கே பிளக்காது. செதுக்கு வேலை செய்த அழகான பேனல் கதவில் நடுப்பலகை சில சமயம் பன்னிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். சட்டத்தின் கனத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், பலகையின் கனத்தையும் கேளுங்கள்.

தலைவாசலுக்கு இவ்வளவும் செய்துவிட்டுக் கொல்லைக் கதவையும் மொட்டைமாடிக் கதவையும் பிளாஸ்டிக் கதவும் ஒற்றை டவர் போல்ட்டுமாக விடுகிற வீடுகள் ஏராளம். மாடிக் கதவு யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கிறது. எவ்வளவு நேரம் நெம்பினாலும் கேட்க ஆளில்லை. மூன்று நிமிடத் தாக்குப்பிடிப்பு உண்மையில் வேண்டியது அங்கேதான். இந்த இரண்டு வாசலுக்கும் தேக்கு தேவையில்லை. இரும்புத் தகட்டு நிலை வைத்து, அதன் உள்பொந்தில் சிமென்ட் கலவை நிரப்பி, இரும்புக் கதவை மாட்டி, மேலும் கீழும் இரண்டு கனமான தாழ்ப்பாள் போட்டால் போதும். மாடிக் கதவு வெளிநோக்கித் திறந்தால் கீலின் ஆணி வெளியே தெரியும். ஆணியைத் தட்டி எடுக்க முடியாதபடி ஒரு பொட்டு வெல்டிங் வைத்துவிடுங்கள்.

விரல்ரேகைப் பூட்டு பற்றிக் கேட்பவர்களுக்கு: சாவி தொலைகிற தொல்லைக்கு அது நல்ல தீர்வு. அதன் தாழும் அதே பன்னிரண்டு மில்லிமீட்டர் மரத்தில்தான் போய் உட்காரும்.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் நிலையைப் பிடுங்கி மாற்ற முடியாது, தேவையுமில்லை. பெரியம்மா வீட்டில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பிளந்த இடத்தை அறுத்தெடுத்துப் புது மரம் ஒட்டினோம். ஒன்றரை இஞ்ச் அகலம், ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புப் பட்டையை மூன்றடி நீளத்துக்கு வெட்டி, தாழுக்கு ஓட்டை போட்டு, நிலையின் உள்விளிம்பையும் தழுவுகிறபடி எல் வடிவில் இன்னொரு பட்டையோடு வெல்டு செய்து நிலைக்குள் பதித்தோம். கீழிருந்து மேல்வரை மூன்று இஞ்ச் ஸ்க்ரூக்கள், இரண்டு இடத்தில் சுவர்வரை போகும் ஆங்கர். பூட்டு மாற்றவில்லை, அதே பழைய பூட்டுத்தான். கதவின் மேல்பாதியில் இன்னொரு தாழ், ஏனென்றால் ஒரே இடத்தில் பிடித்த கதவின் மூலைகள் வளைந்துகொடுக்கும். செலவு பெரியப்பா வாங்கக் கிளம்பிய பூட்டின் விலையில் பாதிகூட ஆகவில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஸ்க்ரூக்களை மட்டுமாவது மாற்றுங்கள். அதே துளையில் நீளமானது போகும், வெளியே ஒன்றும் தெரியாது.

இவ்வளவும் பேசியபின் மறக்கக்கூடாத இன்னொன்று. வெளியிலிருந்து வருகிறவனை நிறுத்தும் கதவு உள்ளிருப்பவரை அடைத்துவிடக்கூடாது. உள்பக்கமும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டை இரவில் பூட்டி, சாவியை அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்குவது ஆபத்து. கேஸ் கசிவோ தீயோ என்றால் புகைக்குள் சாவி தேட நேரமிருக்காது. உள்பக்கம் கையால் திருகித் திறக்கும் குமிழ் உள்ள பூட்டாக வாங்குங்கள். தாழ்ப்பாள்களை வீட்டிலேயே உயரம் குறைந்தவருக்கு, விரலில் பலம் குறைந்தவருக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். எல்லா வேலையும் முடிந்த அன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டு, அம்மாவையோ பாட்டியையோ எல்லாத் தாழையும் திறந்துகொண்டு வெளியே வரச் சொல்லுங்கள். எந்தத் தாழ் அவர்கள் கைக்கு மசியவில்லையோ அதை மறுநாளே கழற்றி, துளையைச் சரிசெய்து, எண்ணெய் போட்டு மாட்டச் சொல்லுங்கள்.